இருப்பதா, பெயர்வதா?

குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்ப்பதா, வேறிடம் பெயர்வதா? இவ்வினா எழாத குடும்பம் அரிது. எங்கள் குடும்பத்திலும் அஃது எழுந்தது.

சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. மண்சுவர், புல் வேய்ந்த கூரை. ஓராண்டு ஐப்பசி மழையில் பின்சுவரின் ஒரு பகுதி சரிந்தது. "இனி இங்கு என்ன இருக்கிறது, அண்ணா? திருப்பத்தூரிலேயே குடியேறிவிடுவோம்" என்றான் என் தம்பி. "நான் வாழ வந்த வீடு இது" என்றார் என் தாயார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. முடிவு மூத்தவனாகிய என் தலையில் விழுந்தது.

அப்பொழுது என் நினைவுக்கு வந்தது எங்கள் மலையிலேயே உள்ள காவலூர் வான் ஆய்வகம். வானாராய்ச்சிக்கும் வீட்டுக்கவலைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வியக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

கோடைக்கானல் ஆய்வகம் 1899-இல் நிறுவப்பெற்று ஞாயிற்றை ஆராய்ந்து வந்தது. 1960-இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற வைணு பாப்பு, பெரிய தொலைநோக்கிகளைக் கொண்டு விண்மீன்களை ஆராய விரும்பினார். ஆனால் கோடைக்கானலின் இரவு வானத்தில் மேகம் மிகுதி. கட்டடத்தை எவ்வளவு புதுப்பித்தாலும் வானத்தைப் புதுப்பிக்க இயலுமோ? ஆகவே அவர் வேறிடம் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரமுள்ள அவ்விடம் நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக இருப்பதால், தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி அங்கு இயங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. விண்மீன் ஆராய்ச்சி பெயர்ந்ததே ஒழிய, கோடைக்கானல் கைவிடப்படவில்லை. ஞாயிற்றின் ஆராய்ச்சி அங்கேயே தொடர்கிறது. பின்னர் 2000-இல், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அப்பொழுதும் காவலூர் மூடப்படவில்லை. 2014-இல் அங்கு 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று புதிதாகச் சேர்ந்தது.

இதனின்று நான் கற்றது இது: முதலில், குறை வீட்டினுடையதா, இடத்தினுடையதா என்று பிரித்தறிய வேண்டும். வீட்டின் குறையைக் கொத்தனார் தீர்ப்பார். இடத்தின் குறையை அவரால் தீர்க்க முடியாது.

எங்கள் வீட்டின் குறைகளை ஒரு தாளில் எழுதினேன். மண்சுவருக்குப் பகை நீர் ஒன்றே. அது மேலே கூரை வழியாகவும், கீழே அடித்தளம் வழியாகவும் வரும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். மற்ற மூன்று சுவர்களும் நேராக நின்றன. அடித்தளமும் உறுதியாக இருந்தது. அடித்தளமே அசைந்திருந்தால் பழுது பார்ப்பது வீண்செலவாகும். சரிந்த பகுதியைக் கல்லடித்தளத்தின்மேல் மீண்டும் எழுப்பி, தாழ்வாரத்தை நீட்டி, சுற்றிலும் வடிகால் வெட்டினால் போதும் என்றார். சிமெண்ட் பூச்சு வேண்டாம் என்றும் தடுத்தார். அது ஈரத்தை உள்ளே அடைத்து வைத்து, நாளடைவில் மண்ணோடு பெயர்ந்து விழும். மண்பூச்சோ சுவரோடு இசைந்து நிற்கும்.

அடுத்து, எடுத்துச் செல்ல முடியாதவற்றை எண்ணினேன். எங்கள் சாமைக் கொல்லை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா பெற்றது. அவ்வுரிமை வழிவழியாக மக்களுக்குச் சேரும். ஆனால் விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. எனவே கொல்லையை விற்று நகரில் மனை வாங்கலாம் என்ற தம்பியின் கணக்கு நிற்கவில்லை.

ஆயினும் அவன் கூறியதில் ஒன்று என்னை உறுத்தியது. தாயாருக்கு மூச்சிரைப்பு. மழையிரவில் கொண்டையூசி வளைவுகளில் இறங்கி மருத்துவமனை சேர்வதற்குள் நெஞ்சம் பதறிவிடும். கூரையைப் பொன்னால் வேய்ந்தாலும் அவ்வழி ஒரு முழமும் குறையாது. அஃது இடத்தின் குறை.

ஆகவே வீட்டைப் பழுது பார்த்தோம். மழைக்காலத்திற்கு மட்டும் திருப்பத்தூரில், தம்பி வீட்டருகே ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு செலவுதான். தாயார் ஒரு நாள் முழுதும் பேசவில்லை. மறுநாள், "தை பிறந்ததும் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், மறக்காதே, தம்பி" என்றார். அவ்வாறே செய்து வருகிறோம்.

இத்தகைய வினா எழும்போது, உங்கள் வீட்டின் குறைகளை ஒரு பக்கமும் இடத்தின் குறைகளை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். வீட்டில் மூத்தோர் இருப்பின் அவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள்.