துணிவுக்கும் ஒரு கணக்கு உண்டு

உதகமண்டலத்திற்குச் சுற்றுலா சென்றவர்கள் தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இன்று உலகெங்கும் ஆடப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-ஆம் ஆண்டில் உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் எழுதி ஒட்டப்பட்டன. அவற்றை வகுத்தவர் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த அதே பெயருடையவர் வேறு, இவர் வேறு. 1875-இல் ஜபல்பூரில் மழைக்காலப் பொழுதுபோக்காகத் தாம் தொடங்கிய ஆட்டம் இது என்று 1938-இல் அவரே ஒரு கடிதத்தில் தெரிவித்தார்.

ஸ்னூக்கர் மேசையின் முன் நிற்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். எதிரே உள்ள பந்தைப் பையில் தள்ள முயல்வதா? அல்லது எதிராளிக்கு எளிதில் கிடைக்காதபடி வெள்ளைப் பந்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதா? முன்னது தாக்குதல்; பின்னது தற்காப்பு. புதிதாக ஆடக் கற்பவர் பெரும்பாலும் தற்காப்பையே நாடுவார். தோற்றுவிடுவோமோ என்ற அச்சம்தான் காரணம். சதுரங்கம், கபடி, சீட்டாட்டம் எல்லாவற்றிலும் இதே கதைதான். இந்த அச்சம் எப்போது நியாயமானது, எப்போது தேவையற்றது? இதற்குக் கணிதம் விடை சொல்கிறது.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

முதலில், அச்சத்திற்கு உண்மையான காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. வெள்ளைப் பந்து, சிவப்புப் பந்தின் நேர் நடுவில் மோதாமல் 1 மி.மீ. விலகி மோதுவதாகக் கொள்வோம். சிவப்புப் பந்து ஏறக்குறைய 1.1 பாகை திசை மாறும். 1 மீட்டர் உருண்டதும் அது 19 மி.மீ. விலகியிருக்கும், 2 மீட்டரில் 38 மி.மீ. பையின் வாய் ஏறக்குறைய 9 செ.மீ. அகலம். பந்தின் அகலம் போக இரு பக்கமும் மிஞ்சுவது 2 செ.மீ.க்கும் குறைவு. ஆகவே குறைந்த தொலைவில் தப்பிப் பிழைக்கும் அதே பிழை, 2 மீட்டரில் தோல்வியாகிவிடும். தொலைவான பந்தைக் கண்டு தயங்குவது கோழைத்தனம் அன்று.

யாரை எதிர்த்து ஆடுகிறோம்?

ஆனால் தவறிவிடும் வாய்ப்பை மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. தவறினால் எவ்வளவு நட்டம், வென்றால் எவ்வளவு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் விழுந்தால் 1 + 7 = 8 புள்ளிகள். தற்காப்பாக ஆடினால் இருவருக்கும் லாப நட்டம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் தவறவிட்டால் எதிராளி சராசரியாக 32 புள்ளிகள் எடுத்துவிடும் வல்லவர் என்றால், பத்து முயற்சியில் எட்டு வென்றால்தான் கணக்கு நேராகும். லாபம் 8 × 8 = 64; நட்டம் 2 × 32 = 64. எதிராளி 8 புள்ளிகள் எடுப்பவரானால், பத்துக்கு ஐந்து போதும். அவரும் உங்களைப் போலவே புதியவர், 2 புள்ளிகள்தான் எடுப்பார் என்றால் பத்துக்கு இரண்டே போதும்! லாபம் 2 × 8 = 16; நட்டம் 8 × 2 = 16.

பந்து அதே பந்து, தொலைவு அதே தொலைவு. எதிராளி மாறினால் துணிய வேண்டிய எல்லையும் மாறுகிறது. வல்லவர்களின் ஆட்டத்தைப் பார்த்து, அவர்களைப் போலவே புதியவரும் தற்காப்பு ஆடுவது கணக்குத் தெரியாத எச்சரிக்கை.

புளியங்கொட்டைப் போக்கர்

ஸ்னூக்கரில் எல்லாப் பந்துகளும் கண்ணுக்குத் தெரியும். போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டு தெரியாது. இங்கே எச்சரிக்கை வேறு விதமாகக் கெடுக்கிறது. அதைப் புளியங்கொட்டைகளை வைத்தே பார்த்துவிடலாம்.

இரண்டு துண்டுத் தாள்களில் 'வெற்றி', 'தோல்வி' என்று எழுதிக் கலக்குங்கள். நீங்களும் நண்பரும் ஆளுக்கு ஒரு கொட்டையை நடுவில் வையுங்கள். நீங்கள் ஒரு தாளை எடுத்து, நண்பருக்குக் காட்டாமல் பாருங்கள். விரும்பினால் மேலும் 2 கொட்டைகளைப் பந்தயமாக வைக்கலாம். நண்பர் விலகிக்கொண்டால் நடுவில் உள்ளதெல்லாம் உங்களுக்கு. விலகாமல் அவரும் 2 வைத்துத் தாளைக் காட்டச் சொன்னால், 'வெற்றி'த் தாள் இருந்தால் நீங்கள் அள்ளுவீர்கள். 'தோல்வி' என்றால் அவர் அள்ளுவார். பந்தயம் வைக்காவிட்டால், தாளைக் காட்டி நடுவில் உள்ள இரண்டை உரியவர் எடுத்துக்கொள்வார்.

40 ஆட்டங்களில் 20 முறை வெற்றித் தாள், 20 முறை தோல்வித் தாள் வருவதாகக் கொள்வோம்.

எச்சரிக்கைக்காரர் வெற்றித் தாளுக்கு மட்டுமே பந்தயம் வைப்பார். நண்பர் இதை விரைவில் கண்டுபிடித்து, பந்தயம் வந்ததும் விலகிவிடுவார். 20 முறை ஒவ்வொரு கொட்டை லாபம். 20 முறை ஒவ்வொன்று நட்டம். மிச்சம் சுழி.

முரட்டுத் துணிச்சல்காரர் எல்லாத் தாளுக்கும் பந்தயம் வைப்பார். நண்பர் ஒருமுறையும் விலகமாட்டார். 20 முறை மும்மூன்று லாபம். 20 முறை மும்மூன்று நட்டம். இங்கும் சுழி!

மூன்றாமவர், 20 தோல்வித் தாள்களில் 10 முறை மட்டும் பொய்ப் பந்தயம் வைக்கிறார். நண்பர் எப்போதும் விலகினால்: 30 லாபம், 10 நட்டம், மிச்சம் 20. நண்பர் எப்போதும் விலகாமல் நின்றால்: 20 × 3 = 60 லாபம்; பிடிபட்ட பொய்களால் 10 × 3 = 30 நட்டம், பந்தயம் வைக்காதவற்றால் 10 நட்டம்; மிச்சம் அதே 20. நண்பர் என்ன செய்தாலும் இந்த லாபத்தைக் குறைக்க முடியாது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. பத்துப் பொய்களும் பிடிபட்டாலும் அவை வீண் அல்ல. அவை இருப்பதால்தான் மெய்ப் பந்தயத்துக்கும் மதிப்பு வருகிறது. பிடிபடுவது அவமானம் என்று நினைப்பவர் சுழியிலேயே நின்றுவிடுவார்.

எந்தத் தாளுக்குப் பொய் சொல்வது என்பதை மனம் போனபடி தேர்ந்தெடுத்தால் நண்பர் வழக்கத்தைக் கண்டுகொள்வார். எனவே, ஒவ்வொரு முறையும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தோல்வித் தாளோடு தலை விழுந்தால் பந்தயம். பூ விழுந்தால் இல்லை. உங்களுக்கே முன்கூட்டித் தெரியாததை நண்பர் எப்படி அறிவார்?

இவ்வாறு வாய்ப்பைக் கலந்து முடிவெடுப்பதைக் கணிதமாக்கியவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன். 1928-இல் இதற்கான அடிப்படைத் தேற்றத்தை வெளியிட்டார். 1944-இல் பொருளியல் அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். 'ஆட்டக் கோட்பாடு' எனப்படும் இத்துறை இன்று பொருளியலிலும் உயிரியலிலும் பயன்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. கொட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் வைத்து ஆடும் இடங்களில் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுபவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது நட்டமே. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஆனால் கணக்கை மறந்துவிடாதீர்கள். வகுப்பில் விடை ஓரளவு தெரிந்தும் கை தூக்கத் தயங்குகிறோமே, தவறினால் நட்டம் எவ்வளவு, சரியானால் லாபம் எவ்வளவு என்று அப்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: பந்தயம் 2-க்குப் பதில் 6 கொட்டைகள் என்றால், 20 தோல்வித் தாள்களில் எத்தனைக்குப் பொய்ப் பந்தயம் வைக்க வேண்டும்?

(விடை: 15. நண்பர் விலகினாலும் நின்றாலும் மிச்சம் 30.)