வருஷச் செலவை மாதத்துக்குக் கொண்டு வாருங்கள்

ஒன்றாம் தேதி புது நோட்டு வாங்கி, வாடகை, மளிகை, பால், சிலிண்டர் என்று எழுதி, மிச்சம் இவ்வளவு என்று கோடு போடுகிறோம். அடுத்த மாதமே ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்து கணக்கைக் கலைத்துவிடுகிறது. நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. சிக்கனம் தெரியாததால் இப்படி ஆகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நம் வீடுகளில் பெரிய செலவு எதுவும் மாதாமாதம் வருவதில்லை, அதுதான் காரணம்.

எங்கள் தேனிப் பக்கத்தில் செய்முறையை, அதாவது விசேஷ வீட்டுக்குச் செய்யும் மொய்யை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வரிசையாக விழும். வைகாசி பாதியில் ஜூன் பிறந்து பள்ளிக்கூடக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். பலருடைய நகை அடகுக்குப் போவது அப்போதுதான்.

என் மாமியார் பட்ஜெட் என்று எதுவும் போட்டதில்லை. ஆனால் மொய் நோட்டு வைத்திருக்கிறார். ஊர், பெயர், தொகை. திருப்பிச் செய்த வரிக்கு எதிரே ஒரு டிக். டிக் இல்லாத வரியெல்லாம் நாங்கள் செய்ய வேண்டிய கடன். சித்திரை பிறந்ததும் அதைப் புரட்டி, "அவுக மூத்த பொண்ணுக்கு ஆவணில முடிச்சிருவாகம்மா. ஐநூறு வாங்கியிருக்கோம், ஆயிரமாச்சும் செய்யணும்" என்பார். "சரிங்கத்தை" என்று நான் ஆவணிக்கு நேரே குறித்துக்கொள்வேன். வரப்போகும் செலவை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஏடு வேறு எந்த வீட்டுச் சாமானிலும் இல்லை.

ஆகவே தினச் செலவை எழுதுவதில் தொடங்காதீர்கள். போன வருஷம் மாதக் கணக்கில் அடங்காமல் வந்தவற்றை முதலில் எழுதுங்கள். மாதம் 32,000 ரூபாய் வரும் ஒரு வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக் கட்டணம் 30,000, செய்முறை 24,000, தீபாவளி 15,000, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் வருஷத்துக்கு 9,000, வண்டி இன்ஷூரன்சும் சர்வீசும் 3,600, வீட்டு வரி 2,400. மொத்தம் 84,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. அப்படியென்றால் அந்த வீட்டின் உண்மையான மாத வருமானம் 25,000 ரூபாய்தான். வாடகையும் மளிகையும் அதற்குள் அடங்க வேண்டும். முதலில் வயிற்றைக் கலக்கும் எண்தான், ஆனால் ஜூனில் வட்டிக் கடைக்குப் போகாமல் காப்பதும் அதுவே.

அந்த 7,000-ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள். கட்டணத்துக்கென்று வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போட்டு, மே மாதம் முடியும்படி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தெருவில் ஒருவர் நடத்தும் தீபாவளிப் பண்டில் மட்டும் போடாதீர்கள். ஐப்பசி வருமுன் கடையைப் பூட்டிக்கொண்டு போனவர்களின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. சீட்டு போட்டே ஆக வேண்டுமென்றால், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தீபாவளி போனஸை நம்பி இந்தப் பட்டியலைக் குறைக்கவும் வேண்டாம். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அது வந்தால் அடகு நகையை மீட்கலாம்.

கணக்கில் நிலைத்து நிற்பது வேறு வேலை. அதில் எனக்கு உதவுவது கரண்ட் மீட்டர்தான். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் ஒருமுறை மீட்டரைப் பார்த்துவிடுங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் ஏ.சி.யைக் குறைக்க இன்னும் நேரம் இருக்கிறது. நகராட்சி வீட்டு வரியையும் அரையாண்டு தொடங்கும் ஏப்ரல், அக்டோபரிலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. தனிக் கணக்கில் பணம் இருப்பவர்களால்தான் அதை வாங்க முடியும்.

திருப்பூர் போலச் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்கள் பன்னிரண்டுக்குப் பதில் 52-ஆல் வகுக்கலாம். 84,000-க்கு வாரம் 1,615 ரூபாய் வரும். வேலை குறைந்த வாரத்தில் பாதியாவது போடுங்கள், மீதியை வேலை நிறைந்த வாரத்தில் சேர்த்துவிடலாம்.