எது பெரிய ஊர்?

தம் ஊரைப் பற்றிப் பெருமை பேசாத மனிதரை நாம் இதுவரை கண்டதில்லை. தென்காசிக்காரர் கோபுரத்தைக் காட்டுவார். குற்றாலத்துக்காரர் அருவியைக் காட்டுவார். செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதனின் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நிற்பார். கடையநல்லூர்க்காரரோ ஜனத்தொகைக் கணக்கை எடுத்து நீட்டுவார். 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 22-ஆம் தேதி திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிரிந்து தென்காசி தனி ஜில்லாவாயிற்று. அதன் பிறகு இந்தப் போட்டி சற்று வலுத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் ஓர் ஊரின் பெருமையை எந்தக் கோல் கொண்டு அளப்பது? ஜனத்தொகையா, அழகா, அல்லது சர்க்கார் கச்சேரிகளின் எண்ணிக்கையா? 2011-ஆம் வருஷத்துக் கணக்கின்படி தென்காசி நகரில் 70,545 பேர். கடையநல்லூரில் 90,364 பேர். ஜில்லாவின் தலைநகரைவிட மற்றோர் ஊர் பெரிது! இது விந்தையன்று. அமெரிக்கா தேசத்தைச் சற்றே எட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அமெரிக்கா கற்பிக்கும் பாடம்

நியூயார்க் நகரின் ஜனத்தொகை 2020-இல் 88 லட்சம். ஆயினும் அது அந்த ராஜ்யத்துக்குத் தலைநகரமன்று. சுமார் ஒரு லட்சம் பேரே வசிக்கும் ஆல்பனி என்ற ஊர்தான் தலைநகரம். அப்படியானால் நியூயார்க்குக்கு அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது? 1825-இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டது. உள்நாட்டுப் பேரேரிகளின் கரையில் விளைந்த தானியமெல்லாம் படகேறி நியூயார்க் துறைமுகத்தை வந்தடைந்தது. அதன் பிறகு அந்த நகரை மிஞ்ச எவராலும் முடியவில்லை.

சிகாகோவின் கதையும் இதுவே. 1840-இல் அங்கே ஐயாயிரம் பேர்கூட இல்லை. 1848-இல் ஏரியையும் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் வந்தது, தானியச் சந்தை ஏற்பட்டது, ரயிலும் வந்தது. 1890-க்குள் ஜனத்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. சுற்றுப்புறத்துக் குடியானவனின் கோதுமைக்கு வழியும் விலையும் கொடுத்த ஊர் தானும் வளர்ந்தது.

டெட்ராய்ட் நகரமோ எச்சரிக்கை. மோட்டார் வண்டித் தொழில் ஒன்றையே பெரிதும் நம்பி வாழ்ந்த அந்நகரில் 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்தனர். 2020-இல் அந்தத் தொகை ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் 2013-இல் நகர நிர்வாகமே திவாலானது. ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்பவன், அந்தக் கால் இடறினால் விழத்தானே வேண்டும்?

பாதைகள் கூடும் இடம்

இந்தக் கோலைக் கொண்டு நம் ஊர்களை அளந்து பார்ப்போம். பிற்காலப் பாண்டியர் தென்காசியைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்கு இங்கே ஆலயம் எடுப்பித்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அதன் ராஜகோபுரம் மீண்டும் எழுப்பப்பெற்று 1990-இல் கும்பாபிஷேகம் கண்டது.

கோபுரத்துக்கு நிகரான மற்றொரு பாக்கியம் தென்காசிக்கு உண்டு. மேற்கு மலைத்தொடர் ஆரியங்காவில் சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. ஆனி ஆடியில் சாரற்காற்று வருவது அவ்வழியே. மலையாள நாட்டு வியாபாரம் போவதும் வருவதும் அவ்வழியே. 1904-இல் மலையைக் குடைந்து கொல்லம் ரயில் பாதை அமைந்தது. 1927-இல் விருதுநகர்ப் பாதையும் வந்து சேர்ந்தது. கொல்லம், திருநெல்வேலி, மதுரை ஆகிய மூன்று திசைகளும் கைகோக்கும் இடமாயிற்று தென்காசி. சிகாகோவுக்கு ஏரி எப்படியோ, தென்காசிக்கு அந்தக் கணவாய் அப்படி.

அந்தக் கணவாயின் வாயிற்படி செங்கோட்டை. 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் அது திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் இரண்டு ராஜாங்கங்கள்! எல்லைக் கோடு மறைந்த பிறகே இரண்டும் ஒரே சுற்றாயின. பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். அகலப் பாதை வேலைக்காக 2010-இல் மலை ரயில் நின்றது. மீண்டும் ஓடத் தொடங்கியது 2018-இல்தான்.

சுற்றுப்புறத்துச் செல்வம்

தலைநகரம் தென்காசியாக இருக்கலாம். செல்வம் விளைவது சுற்றுப்புறத்தில். பாவூர்சத்திரத்துச் சந்தையில் கத்தரியும் வெண்டையும் மூட்டை மூட்டையாகக் குவிந்து லாரியேறி மலையாள நாட்டுக்குப் போகின்றன. ஓணம் நெருங்கினால் அங்கே ஏலக்காரர் குரல் உச்சத்துக்கு ஏறும். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போனது. சங்கரன்கோவிலில் விசைத்தறிகளின் ஓசை தெருவெல்லாம் கேட்கும்.

கடையநல்லூரின் செல்வாக்கோ கடல் கடந்தது. சிங்கப்பூரில் குடியேறிய அவ்வூர் முஸ்லிம்கள் 1941-இல் ஒரு சங்கம் கண்டார்கள். அச்சங்கம் 1946-இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நிறுவிற்று. பிழைக்கப் போன இடத்தில் தமிழுக்குப் பள்ளி வைத்த ஊரைச் சிறிய ஊர் என்று யார் சொல்வார்?

ஒரு பருவத்து ஊர்

குற்றாலம் இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. நிரந்தரமாக வசிப்போர் மிகச் சிலர். ஆயினும் சாரல் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் அங்கே கூடும். விடுதிக்காரர், வண்டிக்காரர், மங்குஸ்தான் பழம் விற்கும் பாட்டி, எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஆகிய அத்தனை பேரும் வருஷத்துச் சோற்றைச் சில வாரங்களில் சம்பாதித்தாக வேண்டும். மேகம் ஏமாற்றினால் அடுப்பும் ஏமாற்றும். வெள்ளம் மிஞ்சினாலும் ஆபத்து. 2024-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. டெட்ராய்ட்டின் மோட்டார் இங்கே அருவி; ஒன்றையே நம்பும் நிலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் குற்றாலத்துக்கு வேறொரு முகமும் உண்டு. குற்றாலநாதர் தேவஸ்தானத்தின் சார்பில் 1964-இல் தோன்றிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். அதற்குப் பருவம் கிடையாது; வானத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தும் பட்டம் பெற்று வெளிவரும் ஒரு பெண், ஊருக்கு அருவி தரும் லாபத்தைவிட நிலையான லாபத்தைத் தருகிறாள் என்பது பள்ளிக்கூடத்தில் காலங்கழிக்கும் நமது துணிபு.

சிற்றூரும் பெரிதாகலாம்

ஊர் சிறிதாயிருப்பது தடையாகுமா? ஆய்க்குடியைப் பாருங்கள். உடல் செயலிழந்த நிலையிலும் மனம் தளராத எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அங்கஹீனர்களுக்குக் கல்வியும் தொழிலும் வைத்தியமும் தரும் அந்நிலையத்தை நாடித் தூரத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குற்றால மலையடிவாரத்து மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ மென்பொருள் கம்பெனி தன் காரியாலயத்தைத் திறந்தது. படித்த பிள்ளை சென்னைக்கு ரயிலேறித்தான் ஆகவேண்டும் என்ற விதி அந்தச் சிற்றூரில் சற்றுத் தளர்ந்தது.

செய்யவேண்டியது என்ன?

தனி ஜில்லா ஏற்பட்டதால் விளைந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குடியானவர் கலெக்டரிடம் ஒரு மனுக் கொடுக்க முன்பெல்லாம் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். ஒரு நாள் கூலியும் போய்விடும். அந்தத் துன்பம் குறைந்தது. ஆனால் கச்சேரி வந்ததனால் மட்டும் ஓர் ஊர் பெரிதாகிவிடாது. ஆல்பனி அதற்குச் சாட்சி.

புளியங்குடி எலுமிச்சை மூட்டையாக வெளியூர் போகிறது. அதை ஊறுகாயாகவும் ரசமாகவும் ஆக்கிப் புட்டியில் அடைத்து அனுப்பும் ஆலைகள் இங்கேயே பெருகலாகாதா? சந்தைக் காய்கறி வாடாமல் இருக்கக் குளிர்கிடங்குகள் வேண்டாமா? விலை இறங்கிய நாளில் தக்காளியைத் தெருவில் கொட்டும் குடியானவனின் கண்ணீருக்கு அது ஒன்றே மருந்து. விளைபொருளை அப்படியே வெளியே அனுப்பிவிட்டு, அதையே பண்டமாக்கி வரும்போது அதிக விலைக்கு வாங்கும் வழக்கம் அந்நியர் ஆட்சியில் நமக்கு வாய்த்த சாபம். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட தூத்துக்குடி நமக்குத் தூரத்து ஊரன்று. அந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சிற்றாற்றைக் காக்க வேண்டும். குற்றாலத்தில் அருவியாக விழும் அந்த நீர்தான் தென்காசியைத் தொட்டு, வயல்களையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. மலைமேல் மரம் வெட்டுண்டால் குற்றாலத்துக் கடைக்காரனுக்கு மட்டுமா நஷ்டம்? கீழே நெல் நட்டவனுக்கும் நஷ்டம். அந்த நெல்லை வாங்கும் தென்காசிக்காரருக்கும் நஷ்டம்.

ஆகையால் எது பெரிய ஊர் என்று வாதாடும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. நாளைக் காலையில் உங்கள் ஊர் இல்லாமற்போனால், சுற்றியுள்ள எத்தனை கிராமங்களில் அடுப்பு எரியாது? எத்தனை பிள்ளைகளின் படிப்பு நிற்கும்? அந்தக் கணக்கை எடுத்து வரட்டும். பெருமையைப் பிறகு பேசலாம்.