இசுசு ஆற்றங்கரையிலே

சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016ஆம் ஆண்டு முதல் இசுசு என்னும் ஜப்பானிய நிறுவனத்தார் மோட்டார் வண்டிகள் செய்து வருகின்றனர். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கிய அப்பகுதிக்குச் சென்று வருவோர்க்கு அப்பெயர் பழக்கமானதே. எனினும், அது ஓர் ஆற்றின் பெயர் என்பதை நம்மவர் பலர் அறியார். ஜப்பானில் ஈசே என்னும் திருத்தலத்தின் அருகே ஓடும் புண்ணிய நதியே இசுசு. அண்மையில் அந்நாட்டைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியபோது, அவ்வாற்றங்கரைக்கும் சென்று வந்தேன். ஆங்குக் கண்டவற்றையும் கருதியவற்றையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

திருப்பதியில் வாழ்வோர்க்கு ஜப்பானியக் கோயில்கள் முற்றிலும் புதியனவாகத் தோன்றா. வாயிலில் கல்தொட்டியில் நீர் நிறைந்திருக்கும். அகப்பையால் நீர் மொண்டு, கைகழுவி, வாய் கொப்பளித்த பின்னரே உள்ளே செல்வர். நம் கலைமகளே அங்குப் பென்சைத்தென் என்னும் பெயருடன், வீணையைப் போன்றதொரு நரம்புக் கருவியைக் கையில் ஏந்தி வீற்றிருக்கிறாள். மான்கள் அச்சமின்றி உலாவும் நாரா நகரில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 752ஆம் ஆண்டில் அப்பெருமானுக்குக் கண் திறக்கும் சடங்கை நிகழ்த்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவியாவார். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, அவற்றைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு தாமும் அப்புண்ணியத்தில் பங்கு பெற்றனராம். நம் ஆலயங்களில் சிற்பி சுவாமியின் கண்ணைத் திறக்கும் முறையை அறிந்தவர்க்கு இச்செய்தி மகிழ்வளிக்கும்.

அவர்தம் எழுத்து வரிசையும் நமக்கு உறவுடையதே. ஜப்பானியச் சிறுவர் அ, இ, உ, எ, ஒ என்று உயிரொலிகளைத் தொடங்கிப் பின் க, ச, த, ந என்று தொடர்ந்து, ம, ய, ர, வ என்று செல்வதைக் கேட்டால், நம் திண்ணைப் பள்ளியே நினைவுக்கு வரும். வடமொழி எழுத்துக்களைப் பயின்ற புத்த பிக்குகளின் வழியாக இவ்வரிசை அந்நாட்டில் அமைந்தது.

இனி ஈசேக்கு வருவோம். இது கதிரவத் தேவியாகிய அமதெராசுவின் இருப்பிடம். வானளாவிய கோபுரத்தையும் கருங்கல் மண்டபத்தையும் எதிர்பார்த்துச் செல்பவர் வியப்படைவர். வண்ணம் பூசாத ஹினோக்கி மரத் தூண்களும் புல் வேய்ந்த கூரையுமே கோயில். அதனையும் வேலிகளுக்கு அப்பால் கூரையளவில்தான் காணலாம். ஆற்று நீரில் கைகழுவி, கூழாங்கற்கள் பரப்பிய பாதையில், நெடிய மரங்களின் நிழலில் மக்கள் அமைதியாக நடந்து செல்கின்றனர்.

இக்கோயிலின் சிறப்பு வேறொன்று. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பழைய கோயிலை ஒட்டிய வெற்றிடத்தில் அதே அளவில், அதே வடிவில் புதிய கோயிலைக் கட்டித் தெய்வத்தை எழுந்தருளச் செய்கின்றனர். பின்னர்ப் பழையதைப் பிரித்து விடுகின்றனர். 690ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கத்தின்படி 62ஆம் முறை 2013இல் நிறைவேறியது; அடுத்தது 2033இல். பழைய பெருந்தூண்கள் ஆற்றுப் பாலத்தின் தோரண வாயில்களாக மறுவாழ்வு பெறுகின்றன. திருமலையிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மகா சம்ப்ரோக்ஷணம் நடைபெறுகிறது. 2018இல் நடந்ததைக் கண்டவர் நம்மிடையே உண்டு. நாம் கட்டடத்தைக் காத்து மீண்டும் தூய்மை செய்கிறோம். அவர்கள் கட்டடத்தையே புதிதாக ஆக்குகிறார்கள்.

இருபது ஆண்டு என்பது ஏறக்குறைய ஒரு தலைமுறை. இருபது வயதில் உளி எடுத்துக் கொடுத்த தச்சன், நாற்பதில் தானே வேலையை நடத்துவான். அறுபதில் இளைஞருக்கு வழிகாட்டுவான். எனவே மரம் மக்கினாலும் கைத்தொழில் மக்குவதில்லை. வருங்காலக் கோயில்களுக்கு வேண்டிய மரங்களுக்காக இருநூறு ஆண்டுத் திட்டமொன்றை 1923இல் வகுத்து வளர்த்து வருகின்றனர். நட்டவர் எவரும் அம்மரத்தைத் தூணாகக் காணப்போவதில்லை.

இவ்வழக்கம் இடையில் அறுபட்டதும் உண்டு. 15ஆம் நூற்றாண்டு முதல் உள்நாட்டுப் போர்களால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருப்பணி நின்றுபோயிற்று. அதனை மீட்க நன்கொடை திரட்டி உதவியவர்கள் புத்த பிக்குணிகள். வேறு சமயத்தவராயினும், அறுந்த இழையை அவர்கள் முடிந்து வைத்தனர்.

ஜப்பானியர் எல்லாவற்றையும் இவ்வாறே காத்தனர் என்று கருதிவிடலாகாது. வடகோடியிலுள்ள ஹொக்கைதோத் தீவின் பழங்குடியினரான ஐனு மக்களுக்குத் தனிமொழி உண்டு. 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் அவர்தம் குழந்தைகள் பள்ளியில் ஜப்பானிய மொழியே பயின்றனர். வீட்டிலும் ஐனு மொழி மெல்ல மங்கிற்று. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பூர்வகுடியினர் என ஏற்றது. ஆயினும், அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று மிக மிகச் சிலரே. ஒரே நாட்டில், ஒரு பக்கம் தச்சனின் உளி கைமாறி வந்தது. மறுபக்கம் தாயின் சொல் கைமாறாமல் போயிற்று.

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்மை வாழவைக்கும் தெலுங்கு மொழியை நம் குழந்தைகள் பிழையறக் கற்பது கடமை, ஆங்கிலமும் வேண்டியதே. ஆனால் பாட்டி சொல்லும் தமிழைப் புரிந்துகொள்ளும் பேரன், பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க அறியாதிருக்கும் நிலை பல இல்லங்களில் வந்துவிட்டது. பேச்சு நின்றாலும் எழுத்து நிற்கும் என்றோ, எழுத்துப் போனாலும் பேச்சு நிலைக்கும் என்றோ நம்பியிருத்தல் தகாது. நாள்தோறும் விளக்கேற்றிய பின் அரைமணி நேரம் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுடன் அமர்ந்து தமிழ் எழுத்தைப் பயிற்றினால் போதும். ஊரிலுள்ள உறவினருக்கு மாதம் ஒரு கடிதத்தைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை, பொறுமையே வேண்டும்.

2033இல் ஈசேயில் புதுக்கோயில் எழும்பும்போது, இன்று தொட்டிலில் கிடக்கும் நம் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றுகொண்டிருப்பார்கள். அன்று அவர்கள் இப்பத்திரிகையைத் தாமே எடுத்துப் படிப்பார்களா என்பது இன்று நம் கையில் இருக்கிறது.