பேருருவும் சிறு சட்டமும்

பெருமிருகங்களைக் காமிராவில் பிடிக்க முற்படுகிறவர், தொலைநோக்கு லென்ஸின் உதவியால் யானையையோ காட்டெருமையையோ சட்டம் முழுவதும் நிரப்பிவிட்டால் அதன் கம்பீரமும் கூடவே வந்து நிறைந்துவிடும் என்று எண்ணுவது சகஜமே. ஆனால் அச்சாகி வந்த படத்தில், பத்தடி உயரமுள்ள களிறு, வேலி ஓணானைப் போல, உள்ளங்கை அகலக் காகிதத்தில் அடங்கிக் கிடப்பதைக் கண்டு அவர் ஏமாறுவதும் அதே அளவு சகஜம். உருவத்தின் பெருமை தானாகப் புலப்படுவதில்லை. அருகில் வேறொன்று நின்று அதற்குப் பிரமாணம் கூறவேண்டும். ஆகவே, பெருமிருகத்தின் படத்தை அமைக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதைச் சுற்றி எவ்வளவு நிலமும் மரமும் வானமும் விட்டுவைப்பது என்னும் விஷயமே.

கென்யாவிலுள்ள அம்போசெலிச் சமவெளி இதற்கு நல்ல உதாரணம். எல்லைக்கு அப்பால், டான்ஸானியாவில், 5,895 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கிளிமஞ்சாரோ மலை அங்கு மேயும் யானைகளுக்குப் பின்னணியாக அமைகிறது. ஒருவர் வெகுதூரம் விலகி நின்று தொலைநோக்கு லென்ஸால் நோக்கினால், மலை யானையின் முதுகுக்கு மேலே பிரம்மாண்டமாக வளர்ந்துவிடும். அவரே அருகிற் சென்று அகன்ற பார்வையுள்ள லென்ஸால் நோக்கினால், யானை மலையை விஞ்சி நிற்கும். இந்த ஜாலத்தை லென்ஸ் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைச் செய்வது படமெடுப்பவர் நிற்கும் தூரமே. அங்கிருந்து தெரியும் காட்சியில் எவ்வளவு பகுதியைக் கத்தரித்துக் கொள்வது என்பதுதான் லென்ஸின் பொறுப்பு. நிக் பிராண்ட் என்னும் ஆங்கிலேயர், 2005இல் வெளியான ‘ஆன் திஸ் எர்த்’ நூலிலுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களை, தொலைநோக்கு லென்ஸை விலக்கிவிட்டு, பென்டாக்ஸ் பிலிம் காமிராவுடன் மிருகங்களை நெருங்கியே எடுத்தார்; அதனால்தான் அவற்றில் வானமும் வெளியும் மிருகத்துடன் சம அந்தஸ்துப் பெற்று விளங்குகின்றன.

தூரத்துக்கு அடுத்தபடி முக்கியமானது பார்வையின் உயரம். ஜீப்பின் மேலிருந்து குனிந்து பார்த்து எடுத்த புலி, எவ்வளவு பெரிய புலியாயினும், சற்றுக் குறுகியே தோன்றும். அதன் கண்மட்டத்துக்குக் காமிராவைத் தாழ்த்தியவுடன் அதற்கு உரிய மதிப்பு வந்துசேரும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், இயற்கை ஆராய்ச்சியாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996), முதுமலைக் காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகிலேறிச் சென்று காட்டு யானைகளைப் படமெடுத்தார். தம் இனத்தின் மேல் அமர்ந்து வரும் மனிதனை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதோடு, படமும் ஏறக்குறைய அவற்றின் கண்மட்டத்திலேயே அமைந்துவிடுகிறது. வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தாமே உருவாக்கிய பெரிய கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் சூட்டியிருந்த அவர், வர்ணப் பிலிம் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்து நின்றார்.

அவருடைய தேர்வுக்கு யானையின் உடலே நியாயம் சொல்லும். யானைக்குச் சொந்த நிறம் மிகக் குறைவு. அதன் அழகெல்லாம் நெற்றியின் மேட்டிலும், காதின் மடிப்பிலும், துதிக்கையின் சுருக்கங்களிலும் இருக்கிறது. காலைக் கதிர் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழலை உண்டாக்கும்போது, வர்ணம் இல்லாததை நாம் ஒரு குறையாகவே உணர்வதில்லை. மாறாக, பின்னாலிருக்கும் பச்சை இலைகள் கண்ணை இழுக்காதிருப்பது நிம்மதியைத் தருகிறது. ஆனால் இதையே விதியாக்கிவிடலாகாது. கென்யாவின் ட்ஸாவோ பிரதேசத்தில் இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணை வாரி மேலெல்லாம் தூவிக்கொள்ளும் யானைகள் செங்கல் நிறத்தில் திரிகின்றன. அந்த நிறத்தை நீக்கிவிட்டால் அவை எந்த மண்ணின் பிரஜைகள் என்ற செய்தியே அழிந்துபோகும்.

புலியின் விவகாரம் வேறு. அதன் செம்மஞ்சளும் காட்டின் பச்சையும் நம் கண்ணுக்குத் தெளிவாக வேறுபட்ட நிறங்களாதலால், வர்ணப் படத்தில் அது தணலாய் மின்னுகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமிலோ அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிட, புலி புதரோடு புதராகக் கரைகிறது. லென்ஸின் முன் ஆரஞ்சு வடிகட்டியைப் பொருத்தினால் புலி வெளுத்து, இலைகள் கறுத்து, இரண்டும் பிரிந்து நிற்கும். ஆயினும் அந்தக் கரைதலை ஒரு பிழையென்று தள்ளிவிட முடியாது: மானின் கண் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில்லை; ஆகவே, இரையின் பார்வைக்குப் புலி எவ்வாறு மறைகிறது என்பதை அப்படம் ஒருவாறு விளக்கிவிடுகிறது.

வர்ணமாயினும் கறுப்பு வெள்ளையாயினும், ஒளியளக்கும் கருவியை அப்படியே நம்புவது ஆபத்து. தன்முன் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமே என்று அது வைத்துக்கொள்கிறது. யானைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். கரிய காட்டெருமைக் காளை சட்டத்தில் பெரும்பகுதியை அடைத்து நின்றால், கருவி அதையும் சாம்பலாக்கிக் காட்டும். ஒளியைச் சற்றுக் குறைத்தால்தான் காளையின் கருமையும், முழங்காலுக்குக் கீழுள்ள வெண்மையும் தத்தம் இயல்பில் நிற்கும்.

எஞ்சியவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை: மிருகம் நோக்கும் திசையில் இடம் விடவேண்டும், துதிக்கையின் நுனியையும் பாதத்தையும் அறியாமல் வெட்டிவிடலாகாது, கூட்டத்தில் ஓர் உடல் மற்றொன்றோடு ஒட்டித் தெரியும்போது, அவை பிரியும்வரை காத்திருக்கவேண்டும்.

இவையனைத்துக்கும் மேலாக, நிற்கும் தூரத்தை நாம் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. வாகனங்களுக்குப் பழகிவிட்ட அம்போசெலி யானைகள் பொறுத்துக்கொள்ளும் நெருக்கத்தை நமது மலைக்காட்டு யானைகள் பொறுப்பதில்லை. காதுகளை விரித்துத் தலையை உயர்த்தி நம்மை நேராக நோக்கும் யானையின் படம் வீரப்படமாகத் தோன்றலாம். உள்ளபடி அது, நாம் வரம்பு கடந்துவிட்டோம் என்று அந்த மிருகமே விடுத்த எச்சரிக்கையின் பதிவு. அது அனுமதிக்கும் இடத்திலேயே நின்றுவிட்டால், நம்மை மறந்து தன்பாட்டில் மேயும் யானையும், அதன் உயரத்துக்குச் சாட்சி கூறும் மரங்களும் ஒருங்கே கிடைக்கும். பெருமிருகத்தின் விஷயத்தில் மரியாதையும் கலையும் நம்மை ஒரே இடத்தில் நிற்கச் சொல்கின்றன.