360 சதுர அடியில் படிக்க ஓர் இடம்

காலனி வீட்டுக்கு வரைபடம் போடுவது யார்? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் தொகுப்பு வீட்டுத் தெருக்களில் நடந்தால் விடை தானாகத் தெரியும். முதல் வீட்டின் கதவு எந்தப் பக்கமோ, கடைசி வீட்டின் கதவும் பெரும்பாலும் அதே பக்கம்தான். மேற்கு வெயில் எங்கே இறங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வாசலில் ஒரு கீற்றுக்கொட்டகை நிற்கும். உள்ளே இடம் கிடைக்காத அடுப்பும் ஆடும் ஆயாவின் கட்டிலும் அங்கேதான் இருக்கின்றன.

வீட்டுக்கு விதி போடுவது நமக்குப் புதிதல்ல. ஓடு போடாதே, மாடி எழுப்பாதே, திண்ணை வைக்காதே என்று ஊர் சொன்ன காலம் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஹட்டன் என்கிற ஆங்கிலேய அதிகாரி இதைப் பதிந்து வைத்திருக்கிறார். அடுக்களைக்குள் வந்து பானையை எண்ணிய விதி அது!

பிறகு அரசின் விதி வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காக 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. அதன் குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2016இல் வந்த பிரதமர் குடியிருப்புத் திட்டம் 25 சதுர மீட்டர். 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, மதிப்பு மூன்றரை லட்சம் ரூபாய். நாற்பது ஆண்டுப் போராட்டத்தில் 145 சதுர அடி கூடியிருக்கிறது.

கனவு இல்லத்தில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையும் போடலாம். ஓலைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அனுமதி இல்லை. இதை நாம் முழுமனதாக ஏற்கிறோம். மண் சுவரும் கீற்றும்தான் குளிர்ச்சி, அதுதான் நம் மரபு என்று சில கட்டடக் கலைஞர்கள் அழகாகப் பேசுகிறார்கள். அவர்கள் மரபு என்று சொல்லும் கூரைக்குள்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து போனார்கள். 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாளில், நம் அரியலூர் மாவட்டப் பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டபோது ஓடுகள் நொறுங்கின. காங்கிரீட் தளம் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

ஆனால் சித்திரை, வைகாசியில் அந்தத் தளத்துக்குக் கீழே படுத்தவர்களுக்குத் தெரியும், இரவு பத்து மணிக்கும் அது அனலாகக் கொதிக்கும். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வைத்தால் காற்று ஓடும். தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. இந்தியாவின் சிமென்ட் ஆலைகளில் சில அரியலூரில்தான் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் நம் மண்ணிலிருந்துதான் போகிறது, லாரிப் புழுதியும் நம் தெருவுக்குத்தான்.

அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் ராஜகிருஹத்தைக் கட்டினார். கட்டடக் கலை நூல்களைப் படித்து, வீடு எப்படி அமைய வேண்டும் என்று தாமே திட்டமிட்டார். குடும்பத்துக்குக் கீழே, நூலகத்துக்கும் வேலைக்கும் மேலே என்று இடம் பிரித்தார். தன் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று முதலில் யோசித்தவர் அவர். காலனி வீட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது யோசித்தார்களா? ஒரே கூடத்தில் டிவி ஓடும், விருந்தாளி உட்கார்ந்திருப்பார், கைக்குழந்தை தூங்கும். பிளஸ் டூ படிக்கிற பெண் புத்தகத்தை எங்கே விரிப்பாள்? 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017இல் நாம் இழந்த அனிதாவின் ஊரான குழுமூரில் இன்று அவர் பெயரில் நூலகம் நிற்கிறது. படிக்க இடம் வேண்டும் என்பதை அந்த நூலகம் சொல்கிறது.

ஜன்னலடியில் சுவரோடு சேர்த்து இரண்டடி அகலத்தில் ஒரு சிமென்ட் பலகை, அதற்கு மேலே ஒரு அலமாரி, ஒரு பிளக் பாயின்ட். 360 சதுர அடிக்குள் இது அடங்கும். வாசலில் அரையாள் உயரத்துக்குத் திண்ணையும் வேண்டும். ஊர் நமக்கு மறுத்த திண்ணையை அரசு வரைபடமும் மறக்க வேண்டாம்.

பிரதமர் குடியிருப்புத் திட்ட விதியில் ஒப்பந்ததாரருக்கு இடமில்லை, பயனாளிதான் வீட்டைக் கட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடமும் "ஓவர்சியர் சொன்னபடி கட்டு, இல்லாவிட்டால் பில் வராது" என்கிறார்கள். கிராமசபையில் பயனாளிப் பட்டியல் வாசிக்கும்போதே வரைபடத்தையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கதவு, ஜன்னல், அடுப்பு எங்கே என்று வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். கடைக்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னால் கேட்கட்டும்.