வன்னியிலிருந்து கோள்களைப் படம்பிடித்தல்

நம் கல்லூரிக்கு ஒரு தொலைகாட்டி வாங்கிக் கொடுத்தல் வேண்டும் என்னும் பேச்சு பழைய மாணவர்களிடையே சில காலமாக நடந்து வருகின்றது. எட்டங்குலத் தொலைகாட்டி போதும் என்பதில் எல்லோரும் ஒருமனப்பட்டுவிட்டனர். அதனோடு பூட்டுவதற்கு எந்தக் கமராவை வாங்குவது என்பதிலேதான் இரு கட்சி உண்டாயிற்று. வெளிநாட்டிலிருந்து எழுதும் நண்பர்கள், வாங்குவதாயின் ஒருநிறக் கமராவையே வாங்குக, வண்ணக் கமரா விளையாட்டுப் பொருள் என்கின்றனர். இங்கிருப்போர், மாணவர் கையிற் கொடுக்கும் கருவி எளிதாயிருத்தல் வேண்டும் என்கின்றனர். இவ்விரு கமராக்களும் எவ்வாறு தொழில் செய்கின்றன என்பதை விளக்கி, நம் மண்ணுக்கும் நம் வானத்துக்கும் எது பொருந்தும் என்று நமக்குத் தோன்றுவதையும் ஈண்டுக் கூற எண்ணுகின்றோம்.

முதலில் நாம் படம்பிடிக்கப் புகும் பொருளின் சிறுமையை உணர்தல் வேண்டும். வியாழன் நமக்கு அண்மையில் வரும் காலத்தில் அதன் வட்டத்தின் அகலம் ஏறக்குறைய 45 விகலை. இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு சட்டைப் பொத்தானைத் 90 மீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தோன்றுமோ, அவ்வளவே அது. அந்தப் பொத்தானிலே பட்டைகளையும், செம்பெரும் புள்ளியையும், பட்டைகளின் ஓரத்தில் எழும் சுழிகளையும் நாம் காண விரும்புகின்றோம். எட்டங்குலத் தொலைகாட்டி, காற்று இடையூறு செய்யாவிடின், அரை விகலைக்குச் சற்று மேற்பட்ட நுட்பங்களைப் பிரித்துக் காட்டவல்லது. ஆனாற் காற்று இடையூறு செய்யாதிருப்பதில்லை. கொதிக்கும் உலைநீரின் அடியிற் கிடக்கும் காசைப் பார்ப்பது போன்றதே வளிமண்டலத்தினூடாகக் கோளைப் பார்த்தல். அலைவு நொடிக்கு நொடி மாறும். இடையிடையே கணப்பொழுது அடங்கும். அந்தக் கணத்திற் கோள் தெளிவாகத் தெரியும். அடுத்த கணத்தில் மீண்டும் கலங்கிவிடும்.

பிலிம் சுருள் காலத்தில் இந்தக் கணத்தைப் பிடித்தல் அரிது. இன்றைய கமரா நொடிக்கு நூறு படம், இருநூறு படம் என்று எடுத்துத் தள்ளுகின்றது. இரண்டு நிமிடத்திற் பல்லாயிரம் படம் கணினியிற் சேர்ந்துவிடும். பின்னர் அவற்றுட் கலங்கியவற்றைத் தள்ளி, தெளிந்த பத்திலொரு பங்கை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த அடுக்கிச் சராசரி காண்பர். ஓட்டோஸ்டாக்கேட் என்னும் இலவசச் செயலி இவ்வேலையைத் தானே செய்யும். தனிப்படத்தில் மணல் தூவியதுபோலக் காணப்படும் இரைச்சல், 1600 படங்களை அடுக்கினால் நாற்பதில் ஒன்றாகக் குறையும். அதன்பின் படத்தைக் கூர்மையாக்கலாம். நெல்லைத் தூற்றிப் பதரை நீக்கும் தொழிலை அறிந்த நம்மவர்க்கு இம்முறையை நெடிது விளக்கத் தேவையில்லை.

இனிக் கமராவுக்கு வருவோம். கமராவின் உள்ளே இருக்கும் உணரி இலட்சக்கணக்கான சிறு படப்புள்ளிகளால் ஆயது. அப்புள்ளிகளுக்கு நிறந்தெரியாது, விழுந்த ஒளி எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். ஆதலின் இயல்பில் எல்லாக் கமராவும் ஒருநிறக் கமராவே. அதன்மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு நிறக் கண்ணாடியாகச் சாயம் பூசிவிட்டால் அது வண்ணக் கமராவாகின்றது. நான்கு புள்ளி கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இவ்வமைப்பை வகுத்தவர் கொடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிரைஸ் பேயர். 1976 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நம் கைத்தொலைபேசியின் கமராவும் பெரும்பாலும் இவ்வழியிலேயே தொழில் செய்கின்றது. சிவப்புப் புள்ளி அறியாத பச்சையையும் நீலத்தையும் அயற்புள்ளிகளைக் கொண்டு கணினி ஊகித்து நிரப்பும்.

ஒருநிறக் கமராவில் இந்தச் சாயம் இல்லை. வண்ணப்படம் வேண்டுமாயின், தொலைகாட்டிக்கும் கமராவுக்கும் நடுவே சுழலும் ஒரு சில்லில் சிவப்பு, பச்சை, நீல வடிகண்ணாடிகளை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தொகுதிப் படம் எடுத்துப் பின்னர்ச் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லாப் புள்ளிகளும் வேலை செய்யும், ஊகத்துக்கு இடமில்லை. இதனால் ஒருநிறக் கமராவே மிகவுயர்ந்தது என்பது வெளிநாட்டு நண்பர்களின் வாதம்.

வாதம் தவறன்று, ஆனாற் கணக்கைச் சிறிது பொறுமையாகப் பார்த்தல் வேண்டும். ஆறு நிமிடம் நமக்குக் கிடைத்ததென்று கொள்வோம். ஒருநிறக் கமரா அதனை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு நிமிடம் கொடுக்கும். வண்ணக் கமரா ஆறு நிமிடமும் மூன்று நிறங்களையும் ஒருங்கே பெறும். ஆயினும் சிவப்புக்குப் புள்ளிகளிற் காற்பங்கும், பச்சைக்கு அரைப்பங்குமே உழைக்கும். எனவே சிவப்பில் மூன்றிலொன்றுக்கு நாலிலொன்று; நீலத்திலும் அவ்வாறே; பச்சையில் மூன்றிலொன்றுக்கு இரண்டிலொன்று. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சாயத்தைவிட நல்ல வடிகண்ணாடி ஒளியைக் குறைவாகவே இழக்கும் என்பதனால் ஒருநிறத்துக்குச் சற்று மேன்மை எஞ்சும். ஊகித்து நிரப்பும் குறையும் பல்லாயிரம் படங்களை அடுக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடும். ஏனெனிற் காற்றின் அலைவினாற் கோள் உணரியின்மேல் ஓயாது அசைகின்றது. இந்தப் படத்திற் சிவப்புப் புள்ளியில் விழுந்த நுட்பம் அடுத்த படத்திற் பச்சைப் புள்ளியில் விழும். நமக்குப் பகையான காற்றே இவ்விடத்தில் உதவி செய்கின்றது.

இன்னொரு செய்தி வியாழனைப் பற்றியது. அது பத்து மணித்தியாலத்துக்குள் ஒருமுறை தன்னைத்தானே சுற்றிவிடும். வட்டத்தின் நடுவிலுள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்குக் கால் விகலை நகரும். எட்டங்குலத் தொலைகாட்டியின் நுட்ப எல்லையை அது கடக்க இரண்டரை நிமிடம் போதும். ஒருநிறக் கமராவில் நீலப்படம் எடுத்து முடியுமுன் சிவப்புப்படத்திலிருந்த புள்ளி இடம்பெயர்ந்திருக்கும். இதனைத் திருத்த வின்ஜூபோஸ் என்னும் செயலி உண்டு. கோளைக் கணினியிற் பின்னோக்கிச் சுழற்றி நிறங்களைப் பொருத்தும். தேர்ந்தவர்க்கு அது எளிது. இடையில் ஒரு முகில் வந்து நீலத்தை மட்டும் மறைத்துவிட்டால், அன்றைய உழைப்பு முழுவதும் வீண். முகிற்கூட்டங்களுக்கிடையே கிடைக்கும் சிறு வெளியில் வேலை செய்யும் நமக்கு இது சிறிய தொல்லையன்று.

மேலைநாட்டார் வண்ணக் கமராவை இகழ்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது அவர்கள் நாட்டுக்கு உரியது. வளிமண்டலம் ஓர் அரியம்போல நின்று, கோளின் நீலத்தை மேலேயும் சிவப்பைக் கீழேயும் பிரித்துவிடுகின்றது. கோள் அடிவானத்தை நெருங்க நெருங்க இப்பிரிவு மிகும். 2019, 2020 ஆம் ஆண்டுகளில் வியாழன் தெற்கே சென்றிருந்தபோது இலண்டனில் அதன் உச்ச உயரம் 16 பாகையளவே. அங்கே நீலமும் சிவப்பும் ஏறக்குறைய 3 விகலை விலகி நின்றன. அதே காலத்திற் கிளிநொச்சியில் அது 58 பாகை உயர்ந்தது. நிறங்களின் விலகல் அரை விகலையளவே. அஃதாவது எட்டங்குலத் தொலைகாட்டியின் நுட்ப எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டது. கிளிநொச்சி வட அகலக்கோடு 9.4 பாகையில் இருப்பதால், ஞாயிற்றுப் பாதையை ஒட்டிச் செல்லும் கோள்கள் எவ்வளவு தெற்கே போயினும் நமக்கு 57 பாகையளவேனும் உயராமற் போகா. 2026 சனவரியில் எதிர்நிலைக்கு வந்த வியாழன் இங்கே 77 பாகை உயர்ந்தது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோவெடுத்ததே தவிர, நிறப்பிரிவென்று சொல்லத்தக்கது இல்லை. நிறப்பிரிவைத் திருத்தும் அரியக் கருவியை வாங்கும் செலவும் நமக்குப் பெரும்பாலும் மிச்சம்.

இது வெறும் உள்ளூர்ப் பெருமையன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரம் நமக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே உள்ளது. அங்கே வாழும் கிறிஸ்தோபர் கோ தொழில்முறை வானியலாளர் அல்லர். 2006 பெப்ரவரியில், வியாழனின் வெண்புள்ளிகளுள் ஒன்று செந்நிறமாக மாறிவிட்டதை முதலிற் கண்டு உலகுக்கு அறிவித்தவர் அவரே. பெரும் ஆய்வுகூடங்கள் பின்னரே அதனை நோக்கித் திரும்பின. 2010 சூன் 3 ஆம் நாள், அவுஸ்திரேலியாவில் அந்தோனி வெஸ்லி என்னும் மற்றோர் ஆர்வலர் வியாழனைப் படம்பிடித்துக்கொண்டிருக்கையில், அதன் விளிம்பருகே இரண்டு நொடியளவு ஓர் ஒளி மின்னி மறைந்தது. செய்தி கேட்ட கோ தம் பதிவைத் தேடிப் பார்த்தார். அதே நேரத்தில், அதே இடத்தில், அதே மின்னல். ஒருவர் சிவப்பொளியிலும் மற்றவர் நீலவொளியிலும் பதிந்திருந்தமையால், இரு பதிவையும் ஒப்பிட்டு, வியாழனில் வீழ்ந்து எரிந்த பொருள் 8 முதல் 13 மீற்றர் வரை குறுக்களவுள்ளது என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். நம் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்பித்த ஆலன் ஆபிரகாம் 1910 ஆம் ஆண்டின் ஹேலி வால்வெள்ளியைக் கணித்துப் புகழ் பெற்றதை மூத்தோர் அறிவர். வானியலில் ஊர் சிறிதென்பதும் கருவி சிறிதென்பதும் தடையாவதில்லை என்பதற்கு அவரையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

வெஸ்லியும் கோவும் அன்று பெற்ற பயன் தனித்தனி நிறத்திற் பதிந்ததனால் வந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஒருநிறக் கமராவுக்கே உரிய களங்கள் உள. வெள்ளியின் முகிற்கோலம் சாதாரண ஒளியிற் புலப்படாது. ஊதாக்கடந்த கதிரில் மட்டுமே தோன்றும். அங்கே சாயம்பூசிய உணரி மங்கிவிடும். காற்று மிகக் கலங்கிய இரவில், அலைநீளம் கூடிய செங்கீழ்க் கதிரிற் பார்த்தாற் கோள் சற்று அமைதியாக நிற்கும். செவ்வாயின் நிலக்குறிகளுக்கு அது நன்று. வியாழனின் மெதேன் வாயு 889 நானோமீற்றர் அலைநீளத்தை விழுங்குவதால், அந்த ஒளியில் உயரமான முகில்கள் மட்டும் வெண்மையாக எழுந்து காட்டும். செம்பெரும் புள்ளி ஒளிவீசும். இதற்கும் நெடுநாள் ஒருநிறக் கமராவே வேண்டியிருந்தது. அண்மைக் காலத்து வண்ண உணரிகள் சில, சோனியின் ஐஎம்எக்ஸ் 462 போன்றவை, அந்த அலைநீளத்திற் சாயம் ஒளிபுகவிடும் இயல்பினால் மெதேன் படத்தையும் ஒருவாறு தருகின்றன. எல்லைக்கோடு முன்போலத் திட்டமாயில்லை.

ஆகவே நம் கருத்து இது: முதலில் வண்ணக் கமரா, மாணவர் இரண்டு பருவம் பழகிய பின் ஒருநிறக் கமராவும் வடிகண்ணாடிச் சில்லும். முதலிலேயே பின்னதை வாங்கினால் அது அலுமாரியில் உறங்கும் என்றே அஞ்சுகின்றோம். ஆய்வுகூட அலுமாரிகளில் உறங்கும் கருவிகளை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம். வண்ணக் கமராவோடு செங்கீழ்க் கதிரைத் தடுக்கும் கண்ணாடியொன்று கட்டாயம் வேண்டும். இல்லையெனில் வியாழன் வெளிறிய இளஞ்சிவப்பாக வந்து நிற்கும். படப்புள்ளி 2.9 மைக்ரோமீற்றர் ஆயின், குவியத்தூரம் ஆடியின் விட்டத்தைப் போலப் பதினான்கு, பதினைந்து மடங்காகும்படி ஒரு பெருக்குவில்லையும் வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். கோள்கள் மிக ஒளியுடையன. பட்டண வெளிச்சம் அவற்றைக் கெடுக்காது. கெடுப்பது சூடு. நம் முதல் முயற்சியை வீட்டு மொட்டைமாடியிற் செய்தோம். பகலெல்லாம் வெயில் குடித்த சீமெந்து இரவு பதினொரு மணிவரை அதனைக் கக்கிக்கொண்டேயிருந்தது. ஐந்து இரவு எடுத்த படங்களில் வியாழன் தண்ணீரில் விழுந்த அப்பம்போலக் கிடந்தது. கமராவைக் குறைகூறிக் கடிதமெழுத இருந்தோம். பின்னர் அதே கருவிகளை அயலிலுள்ள வயற்கரைப் புற்றரைக்குக் கொண்டுசென்ற முதல் இரவிலேயே நான்கு பட்டைகள் தெளிந்தன. தகரக்கூரையும் தார்வீதியும் தொலைகாட்டியின் பார்வைக் கோட்டில் வருதலாகாது. நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று இரவில் அமைதியாயிருக்கும். ஆதலின் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றின் அணைக்கட்டோரம் மிக ஏற்றது. யானை வரும் இடங்களில் மாணவரைத் தனியே விடலாகாது என்பதைச் சொல்லாமலே வன்னியார் அறிவர்.

காலமும் இனி நமக்கு இசைகின்றது. சென்ற சில ஆண்டுகளில் வியாழனின் எதிர்நிலை கார்த்திகை, மார்கழி என்று மாரிமழைக்குள் அகப்பட்டது. அது ஆண்டுக்கொரு மாதமளவு பின்னே தள்ளிச் செல்கின்றது: 2027 இற் பெப்ரவரி, 2028 இல் மார்ச்சு, 2029 இல் ஏப்ரில். மாசி, பங்குனி, சித்திரையே வாடையும் அடங்கிச் சோளகமும் தொடங்காத நம் அமைதிக்காலம். காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் புகையொன்றே அப்போது தொல்லை. சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் விளிம்பாய் மெலிந்து, இப்போது ஆண்டுதோறும் விரிந்து வருகின்றன.

மாணவர்க்கு முதல் வேலையாக ஒன்றைக் குறிப்பிடலாம். செம்பெரும் புள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 40,000 கிலோமீற்றர் நீளமாயிருந்தது. 2014 இல் ஹபிள் தொலைகாட்டி அளந்தபோது ஏறக்குறைய 16,500. அது வியாழனின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை, வானம் தெளிந்த ஒவ்வோர் இரவும் படத்திலிருந்து அளந்து குறித்து வருக. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்து உலக நேரத்தில் எழுதுக. கமரா பூட்டிய கணினியின் கடிகாரத்தைப் படம் தொடங்குமுன் சரிபார்த்துக்கொள்க. 1890 இல் நிறுவப்பட்ட பிரித்தானிய வானியற் சங்கம் இத்தகைய பதிவுகளை ஆர்வலரிடமிருந்து பெற்றுத் தொகுக்கின்றது. படமெடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே தொலைகாட்டியை வெளியே வைத்து ஆறவிடுக. முடிந்ததும் ஆடியைத் துடைக்காது, பனியீரம் உலர்ந்தபின் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்குக. நம் மாரிகாலத்து ஈரத்தில் ஆடியிற் பூஞ்சணம் பிடிக்க இரண்டு கிழமை போதும்.